வேலிக் கம்பத்தில் நான் கட்டிய பச்சை வயர்

ஜூன் 6, வெள்ளிக்கிழமை, காலை 10 மணி 20 நிமிடம். நீ பிறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். நான் ஒரு உண்மையை மறைக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஏழு மாதம். என் கையால் வேலை செய்து, எர்த் சரியாகப் போடாமல் விட்ட மோட்டார் கொட்டாய்கள் மொத்தம் பன்னிரண்டு. அதில் ஐந்தைச் சரிசெய்துவிட்டேன். ஏழு இன்னும் அப்படியே இருக்கின்றன. இந்த எண்களை முதலில் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இரண்டு பக்கம் எழுதிய பிறகு என் மனசு இவற்றைக் குறைத்துச் சொல்லப் பார்க்கும். எனக்கு என்னைத் தெரியும்.

நீ இப்போது தூளியில் தூங்குகிறாய். இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும், ஏதாவது வேலையில் சேர்ந்திருப்பாய், அந்த வேலையில் முதல் தப்பையும் செய்திருப்பாய். அந்த ஆளுக்குத்தான் எழுதுகிறேன். வளர்ந்த பிறகு எழுதலாமே என்றால், அதற்குள் நான் இந்தக் கதையை எனக்குச் சாதகமாக நாலு தடவை திருத்தியிருப்பேன். கடிதம் உனக்குத்தான், ஆனால் கவரில் போட்டு ஒட்டப்போவதில்லை. மூன்று பிரதி எடுக்கிறேன். ஒன்று உனக்கு. மற்ற இரண்டும் யாருக்கு என்று போகப்போகத் தெரியும். ஊரில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

நாளை மறுநாள் ஞாயிறு உனக்கு ஞானஸ்நானம். பங்குச் சாமியார் கேள்வி கேட்பார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? அவன் செயல்களை விட்டுவிடுகிறீர்களா? அவனுடைய பகட்டை விட்டுவிடுகிறீர்களா? உனக்கு வாய் இல்லாததால் நானும் உன் அம்மாவும் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் பங்குக் கோவிலில் பெற்றோருக்கான வகுப்பில் அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். மற்ற அப்பாக்கள் சும்மா படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்கள். எனக்கு இரண்டாவது கேள்வியில் தொண்டை அடைத்தது. அதையும் நம்பாதே. தொண்டை அடைப்பதும் கண் கலங்குவதும் மனம் திரும்பியதற்கு அத்தாட்சி இல்லை. எனக்கு இதற்கு முன்பும் பலமுறை அடைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் என்னை எப்படி வளர்த்தார்கள் என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட லேபில் ஒரு கால்வனாமீட்டரை எரித்துவிட்டேன். அவசரம்தான். ரெசிஸ்டன்ஸ் வைக்காமல் பாட்டரியில் நேராகக் கொடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். உன் தாத்தா கொத்தனார், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "யாராவது பாத்தாங்களா?" இல்லை என்றேன். "அப்ப வாய மூடினு போ." அவ்வளவுதான். அடுத்த நாள் வாத்தியார் வகுப்பு முழுவதையும் முட்டிபோட வைத்தார். நானும் அவர்களோடு முட்டிபோட்டேன், அதனால் என் பங்கைச் செலுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டேன். உன் தாத்தாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அந்தக் கேள்வி இந்த வீட்டில் இருக்கிறது. ஒரு நாள் நீ எதையோ உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது என் வாயிலிருந்தும் அது வரும். வந்தால் இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் டிப்ளமா எலக்ட்ரிக்கல். கம்பெனியில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் விவசாய மோட்டார் வேலை. செல்லிப்பட்டில் ஆற்றோரமாக அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு அடுத்தடுத்து நிலம். அண்ணன் கலியமூர்த்திக்குக் கரும்பு. தம்பி ராஜவேலுவுக்கு நெல். நடுவில் கலியமூர்த்தி போட்ட முள்கம்பி வேலி, இரும்பு ஆங்கிள் கம்பங்கள். காட்டுப் பன்றி கரும்பில் இறங்காமல் இருக்கப் போட்டது. ராஜவேலு புது மோட்டார் வாங்கி, வேலியை ஒட்டிக் கொட்டாய் கட்டி, என்னைக் கூப்பிட்டார். எல்லாம் மாட்டினேன். மோட்டாரில் ஈரம் இறங்கிக் கரண்ட் கசிந்தால் அது மண்ணுக்குள் போக எர்த் பைப் புதைக்க வேண்டும். குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டு, பைப் இறக்கி, தண்ணீர் ஊற்ற அரை நாள் ஆகும். எனக்குச் சாயங்காலம் ஷிப்ட். மோட்டாரிலிருந்து வரும் பச்சை வயரைச் சுவரின் பின்பக்க ஓட்டை வழியாக எடுத்து, வேலிக் கம்பத்தில் சுற்றி நட்டுப் போட்டேன். இரும்பு மண்ணில்தானே நிற்கிறது, அடுத்த வாரம் வந்து பைப் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். நான்கைந்து மாதம் ஆயிற்று. போகவில்லை. அந்தக் கம்பங்கள் சிமெண்டில் நிற்கின்றன, கரண்டை மண்ணுக்குள் விடாது, வேலி முழுக்கப் பரப்பிவிடும். இது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். பரீட்சையில் கேட்டால் படம் வரைந்து விளக்கியிருப்பேன்.

நவம்பர் மாதம், நாலு நாள் மழை விட்டு, அன்று விடியும்போது லேசான தூறல். ராஜவேலு மோட்டாரைப் போட்டார். அவர் மனைவி லட்சுமி சினை மாட்டைக் கயிற்றில் பிடித்து வரப்பில் ஓட்டி வந்தார். மாடு வேலிப் பக்கம் புல்லுக்குக் கழுத்தை நீட்டியது. அப்படியே விழுந்தது. லட்சுமி கயிற்றை விட்டுவிட்டதால் பிழைத்தார். ராஜவேலு ஓடிப்போய்க் கொட்டாயில் இருந்த ஒரே மெயின் சுவிட்சை அணைத்தார். அதை அணைத்ததால்தான் வேலியில் கரண்ட் நின்றது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குப் போன் வந்தது. பைக்கை எடுக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது இருபது பேர் நின்றார்கள். ராஜவேலு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீ படிச்சவன். மிசின் வச்சிப் பாத்து சொல்லு. வேலியில கரண்ட் குடுத்திருக்கானா இல்லியா?" கலியமூர்த்தி கத்தினார்: "இன்னாடா பேசுற? நான் குடுப்பனாடா? லட்சுமி தெனம் அந்த வழியாதானடா வருது?" ராஜவேலு அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. "பன்னிக்குன்னு குடுத்திருப்ப. மாட்டுக்கு தெரியுமா அது பன்னிக்குன்னு?" கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நான், "மொதல்ல மெயின பாத்துட்டு வரேன்" என்று சொல்லிக் கொட்டாய்க்குள் தனியாகப் போனேன். கட்டிங் ப்ளேயரால் பச்சை வயரை உள்ளே ஒரு வெட்டு, பின்பக்கம் போய்க் கம்பத்தில் ஒரு வெட்டு. ஒரு முழ நீளம். சுருட்டி டூல் பையில் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு வெளியே வந்து, எல்லோரும் பார்க்க, மீட்டரை வேலியில் வைத்தேன். பூஜ்யம். மாட்டின் கழுத்தில் கருகிய கோடு இருந்தது. குனிந்து அதையும் பார்த்துவிட்டுச் சொன்னேன்: "கரண்ட் பாஞ்சிருக்குது. இப்ப இல்ல. யாரோ எடுத்திருக்காங்க."

அந்த வார்த்தைகளைத் திரும்பப் படி. அதில் ஒரு பொய்கூடக் கிடையாது. கரண்ட் பாய்ந்தது உண்மை. இப்போது இல்லாததும் உண்மை. யாரோ எடுத்ததும் உண்மை, எடுத்தவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். இருபது பேரும் கலியமூர்த்தி முகத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், மகனே. மற்றவர்களைப் போல நானும் அவரைச் சந்தேகத்தோடு பார்க்கிற மாதிரி பார்த்தேன். போலீஸ் வேண்டாம், அண்ணன் தம்பி விவகாரம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள். ராஜவேலு அன்றோடு அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினார். நான் மோட்டாரைக் கழற்றி வைண்டிங்குக்குக் கொடுத்து, திரும்ப மாட்டும்போது ஒழுங்காக எர்த் பைப் புதைத்தேன். "எவ்ளோ அக்கறையா செய்யிறான் பாரு" என்று லட்சுமி எனக்கு மோர் கொடுத்தார்.

இதற்கு மேல் நடந்தது அன்று எனக்குத் தெரியாது. தான் கரண்ட் கொடுக்கவில்லை என்பது கலியமூர்த்திக்குத் தெரியும். படித்த எலக்ட்ரீசியன் கரண்ட் பாய்ந்தது என்று சொல்லிவிட்டான். யாரோ எடுத்தார்கள் என்றும் சொல்லிவிட்டான். அப்படியானால் யார்? அவர் மகன் செந்திலுக்கு அப்போது இருபது வயது. அந்த வாரம்தான் டீக்கடையில், "பன்னி தொல்ல தாங்கல, கரண்ட் குடுத்தா ஒரே நாள்ல அடங்கிடும்" என்று பேசியிருக்கிறான். அவர் மகனைச் சந்தேகப்பட்டார். அவனைக் கூப்பிட்டு ஒத்துக்கொள்ளச் சொன்னார். அவன் மறுத்தான். அறைந்தார். அவன் திருப்பூருக்குப் போய்விட்டான். இதெல்லாம் போன திங்கட்கிழமை வரை எனக்குத் தெரியாது. அவன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் தெரிந்துவிடும் என்ற பயம் எனக்கு இருந்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் வந்தது. சாமியிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், பூசையில் நன்மை அப்பம் வாங்க எனக்குப் பயம், அந்த அளவுக்கு நான் கிறிஸ்தவன். ஆனால் நம் பங்குச் சாமியிடம் போகவில்லை. என் குரல் அவருக்குத் தெரியும். டவுனில் ஒரு பெரிய கோவிலுக்குப் போனேன், அங்கே வெளியூர்ச் சாமி ஒருவர் உட்கார்ந்திருந்தார். நம் ஆட்களில் எத்தனை பேர் இப்படி டவுனுக்குப் போகிறார்கள் என்று அந்த வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது, தெரிந்த முகம் மூன்று, என்னோடு நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நின்றோம். தொட்டி என்கிற அந்த மரக்கூண்டின் வலைத்தட்டி வழியாக, "வேலையில அஜாக்கிரதையா இருந்தேன் சாமி" என்றேன். அந்தக் கிழவர் விடவில்லை. "யாருக்காவது நஷ்டமாப்பா?" "ஒரு மாடு செத்துப்போச்சி சாமி." "உடையவனுக்கு ஈடு செஞ்சியா?" நான் சொன்னேன்: "அவுங்களுக்குள்ள பேசித் தீத்துக்கிட்டாங்க சாமி." அவர் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையில் பத்து மணி சொல்லச் சொன்னார். சொன்னேன், ஒரு மணி விடாமல். பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் ‘மெஷின் நின்றது, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, எங்கே நின்றது, யாரால் நின்றது என்று எழுதாமல் கையெழுத்துப் போடுகிறவனைக் கம்பெனியில் நான் திட்டுவேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நான் அதைத்தான் செய்தேன். மாடு செத்தது என் அஜாக்கிரதை. சாமியிடம் பொய் சொன்னது அஜாக்கிரதை இல்லை.

மறைத்த பிறகு நிம்மதி வரும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. எனக்கு வந்தது சந்தேகம்தான். ராஜவேலு என்னைப் பார்த்துச் சிரித்தால் ஏன் சிரிக்கிறார், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை. பிரசங்கத்தில் சாமி ‘மறைவில் செய்தது’ என்று ஆரம்பித்தால், டவுன் சாமி இவருக்குப் போன் போட்டுவிட்டாரா. கொட்டாயில் யாராவது குனிந்தால், கம்பத்தில் நட்டுத் தடம் தெரிகிறதா. உன் அம்மா ஸ்டெல்லா டூல் பையை இடம் மாற்றி வைத்தால், திறந்து பார்த்தாளா. ஏனென்றால் அந்தப் பச்சை வயரை நான் தூக்கிப் போடவில்லை. போட்டால் யார் கையிலாவது கிடைக்கும் என்று பயந்து, டேப் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தேன். ஒரு முழ வயருக்கு மூன்று வருடம் காவல்.

இதைவிட மோசமானது அந்த ஏழு. இதே குறுக்கு வழியில் அபிஷேகப்பாக்கம் வரைக்கும் இன்னும் பதினோரு கொட்டாயில் கட்டியிருக்கிறேன், வேலிக் கம்பத்திலும் இரும்புக் கதவிலும். மாடு செத்த மறுநாளே பதினொன்றையும் போய் மாற்றியிருக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் போய் எர்த் மாற்றினால், ஏன் என்று கேட்பார்கள், கணக்குப் போடுவார்கள். அதனால் ‘சும்மா சர்வீஸ்’ என்று சொல்லி மாதக்கணக்கில் இடைவெளி விட்டு நாலு இடத்தில் மாற்றினேன். பிறகு அதையும் நிறுத்திவிட்டேன். மூன்று மழைக்காலம் அந்த ஏழு கொட்டாயும் ஒன்றும் ஆகாமல் கடந்தது ஆண்டவர் இரக்கம். என் திறமை அதில் துளியும் இல்லை. மறைப்பது ஒரு நாளில் முடிந்துபோகிற காரியம் என்றுதான் நான் நினைத்தேன். அது தினமும் புதிதாக ஒரு ஆளைப் பலி கேட்டுக்கொண்டே இருக்கிறது.

போன திங்கட்கிழமை கலியமூர்த்தி உன்னைப் பார்க்க வந்தார். வாழைப்பழம் ஒரு சீப்பு, உனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சட்டை. உன்னை மடியில் வைத்துக்கொண்டார். "இன்னாபா, இவன் உன்ன மாதிரியே முறைக்கிறான்?" ஸ்டெல்லா டீ கொடுத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்: "செந்தில் ஊருக்கு வரானாண்ணா?" அவர் உன் விரலை எண்ணுவதுபோலப் பிடித்துக்கொண்டே பேசினார். "எங்க வரான்மா. அவுங்க அம்மாகிட்ட போன்ல பேசுவான். நான் பக்கத்துல கீறேன்னு தெரிஞ்சா கட் பண்ணிடுவான். அந்த மாட்டு விசயத்துல ஒரு அற வுட்டேன். ஒத்துக்கோடா, நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். ஒத்துக்கல. ஒத்துக்கினு இருந்தா அன்னிக்கே வுட்டிருப்பேன். எம்மூஞ்சப் பாத்து பொய் சொன்னான் பாரு, அதான் இன்னும் ஆறல." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஒருத்தன்தாம்பா அன்னிக்கி உள்ளத சொன்ன. யாரு பேரையும் இழுக்காம சொன்ன. அதான் உம்மேல எனுக்கு மரியாத." ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்து பின்னால் நிற்பேன், உங்கள் முறை எனக்குத் தெரியாது, என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அவர் தெரிந்துதான் பேசினாரா என்று முதலில் சந்தேகப்பட்டேன். பார், அப்போதுகூட என் புத்தி அங்கேதான் போனது. என்னை நோட்டம் பார்க்க வந்தாரா? மரியாதை என்று சொல்லிக் குத்தினாரா? ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதையே யோசித்துவிட்டு, உன்னைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் நேரான விஷயம் உறைத்தது. அவர் ஒன்றும் தெரியாமல்தான் பேசினார். என் மகனை என் தோளில் வைத்திருக்கிறேன். அவர் மகனை அவரிடமிருந்து எடுத்தவன் நான். செய்யாததை ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு பையன் அறை வாங்கினான். செய்தவனுக்கு மோரும் வாழைப்பழமும்.

புதன்கிழமை உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு, "இத இப்ப ஏன் சொல்ற?" என்றாள். ஞானஸ்நானம் என்றேன். "ஞாயித்துக்கெழம நூறு பேருக்கு பிரியாணி சொல்லியிருக்குது. எங்கண்ணன் ஞானத்தகப்பன். போலீஸ் வந்தா?" "வரட்டும்." "வசனம் பேசாத. நீ உள்ள போனா புள்ளய யாரு பாக்குறது, உன் டூல் பையா?" தூளியை ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கேட்டாள்: "லட்சுமி அக்கா கயிறு பிடிச்சிகினு இருந்தாங்களா?" ஆமாம் என்றேன். "கயிறு நனைஞ்சிருந்துச்சா?" ஆமாம் என்றேன். திரும்பிப் போய் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினாள். நேற்றுக் காலை இட்லி வைத்துவிட்டு ஒரே வாக்கியம்: "மூணு வருசமா பூசையில பக்கத்துலதான நிக்கிற, நெஞ்சத் தட்டிகினு." அவள் சொன்னது பூசை ஆரம்பத்தில் நாம் சொல்கிற அறிக்கையை. இறைவனிடம் மட்டும் என்று அதில் இல்லை. பக்கத்தில் நிற்கிற சகோதர சகோதரிகளிடமும் பாவத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்லித்தான் நெஞ்சைத் தட்டுகிறோம். வாரம் ஒரு தடவை இத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்றவளுக்கே தெரியாது.

ஆகவே, மகனே, நீ தப்புச் செய்வாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. செய்த அன்றே சொல். அன்றைக்குச் சொல்வதற்கு ஒரு மாடும் ஒரு திட்டும்தான் செலவு. நான் அன்று காலை கொட்டாயிலிருந்து வயரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால், ராஜவேலு என்னைச் செருப்பால் அடித்திருப்பார், லட்சுமி ஊரைக் கூட்டியிருப்பார், அடுத்த பொங்கலுக்குள் அது பழைய பேச்சாகியிருக்கும். கடவுளிடம் சொல்லிவிட்டேன் என்று மனிதரிடம் சொல்லாமல் தப்பிக்கப் பார்க்காதே. கடவுளுக்கு முதலிலேயே தெரியும், அவருக்கு உன் தகவல் தேவையில்லை. ‘நடந்துபோச்சு’ என்று பேசுகிறவனைக் கூர்ந்து கவனி, அது நீயாக இருந்தால் இன்னும் கூர்ந்து. இந்தக் கடிதத்தையும் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும். நன்றாக எழுதிவிட்டோம் என்ற திருப்தி இப்போதே எனக்கு வர ஆரம்பித்துவிட்டது. எழுதியது இன்னும் செய்தது ஆகவில்லை. கீழே இருப்பதை நான் செய்தேனா என்று கலியமூர்த்தி வீட்டில் போய்க் கேள். என்னிடம் கேட்காதே.

1. இன்று மாலை 4 மணி. பச்சை வயரை எடுத்துக்கொண்டு கலியமூர்த்தி வீட்டுக்கு நேரில் போவேன். சொல்லப்போவது இது: "உங்க தம்பி கொட்டாயி எர்த் வயர உங்க வேலியில கட்டுனது நான். மாட்டக் கொன்னது அதான். அத வெட்டி மறச்சதும் நான். செந்தில் ஒண்ணும் பண்ணல." இதற்குப் பிறகு ‘ஆனா’ என்று ஆரம்பிக்க மாட்டேன். கடிதத்தில் ஒரு பிரதி அவருக்கு.

2. அங்கிருந்து ராஜவேலு வீடு. லட்சுமியும் இருக்கும்போது அதே வார்த்தைகள், இன்னொரு பிரதி. சினை மாட்டுக்குச் சினை மாடு கொடுப்பேன். அதற்கு மேல் என்ன என்பதை அவர்கள் சொல்லட்டும். போலீசுக்குப் போனால் நானே கூடப் போய்க் கையெழுத்துப் போடுவேன்.

3. செந்தில் நம்பரை அவன் அம்மாவிடம் வாங்கி, என் போனிலிருந்து கூப்பிடுவேன். எடுக்கும் வரை கூப்பிடுவேன். அப்பாவிடம் பேசு என்று அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை இல்லை. நடந்ததை மட்டும் சொல்வேன்.

4. நாளை காலை 6 மணி முதல் ஏழு கொட்டாய்க்கும் போய், மெயினை அணைத்து, ஏன் என்று உடையவர்களிடம் சொல்வேன். எர்த் பைப் புதைக்கும் வரை மோட்டார் ஓடக்கூடாது. ‘மழைக்கு முன்னால் முடிப்பேன்’ என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமைக்குள் ஏழும் முடியும்.

5. நாளை மாலை 5:30. நம் பங்குக் கோவிலில், நம் ஊர் ஆட்கள் நிற்கும் வரிசையில் நின்று, என் குரல் தெரிந்த சாமியிடம் பாவசங்கீர்த்தனம். டவுனில் சொன்ன பொய்யையும் சேர்த்து.

6. ஞாயிறு காலை 9:30. சாமி மூன்று தடவை கேட்பார். உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு மூன்று தடவையும் சத்தமாகப் பதில் சொல்வேன், கலியமூர்த்தி வந்து பின்னால் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்க்காமல்.